உண்ணாமலை போடாத சைபர்

என் மனைவி உண்ணாமலை ஆரணியை விட்டுப் போன தூரம் என்று எடுத்துக்கொண்டால் வடக்கே வேலூர், தெற்கே திருவண்ணாமலை, கிழக்கே ஒரே ஒரு தடவை மெட்ராஸ். அதுவும் தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க. ஆனால் தென் துருவத்துப் பக்கம் மனுஷன் குடியில்லாத ஒரு தீவு இருக்கிறது. அங்கே எந்தப் பென்குயின் எந்தப் பென்குயினிடம் கல் திருடியது என்று கேட்டுப் பாருங்கள், தேதி மணியோடு சொல்வாள். நேற்று சாயங்காலம் நான் கேட்ட காப்பி என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் ஞாபகம் இருக்காது.

நான் வேணுகோபால். பட்டுத் தறி நெய்கிறவன். இருபத்தேழு வருஷமாக அவளோடு குடித்தனம் செய்கிறேன். அதில் கடைசி நாலு வருஷம் பென்குயின்களையும் சேர்த்து. இந்த நாலு வருஷத்தில் நான் தீய்ந்த குழம்பு சாப்பிட்டதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள் என்றால், குழம்பு அது பாட்டுக்கு அது, அவள் பாட்டுக்கு அவள்.

அவள் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைத் தொகுதி. ஒரு பாவு நெய்து முடியும்போது அதைத் தறியிலிருந்து முழுசாக உருவிவிட மாட்டோம். கடைசியில் கொஞ்சம் இழையை விட்டுவைத்து, அதன் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் ஒவ்வொரு நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். நாலாயிரத்து எண்ணூறு இழை. ஒன்று இடம் மாறினாலும் புடவை நெடுகக் கோடு விழும். உண்ணாமலை கைவைத்த பாவில் இதுவரை கோடு விழுந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இது வேண்டும் என்பதால் சொல்கிறேன். சரி, கொஞ்சம் பெருமையும்தான்.

இந்த வினையை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள் தங்கை துர்காவின் மகள் காவ்யா. வேலூர் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் அந்தத் தீவில் கம்பம் நட்டு கேமரா வைத்திருக்கிறார்களாம். அது மணிக்கு ஒரு படம் எடுக்கிறது. லட்சக்கணக்கில் சேர்ந்துபோன படங்களை எண்ண ஆள் இல்லாமல், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி எண்ணிக் கொடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பெரிய பறவை எத்தனை, குஞ்சு எத்தனை. ரெண்டே கட்டம். ஐநூறு படம் எண்ணினால் சர்டிஃபிகேட். காவ்யா இருபது படத்திலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“பெரிம்மா, நீ இழை எண்ற ஆளுதானே. ஒரு அம்பது படம் எண்ணிக் குடேன்.”

அம்பது என்ன, பொங்கல் லீவு முடிவதற்குள் மிச்சம் நானூற்று எண்பதையும் எண்ணிக் கொடுத்துவிட்டாள். காவ்யா சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெரியம்மா தீவிலேயே தங்கிவிட்டாள். தன் பேரில் கணக்கு தொடங்கித் தரச் சொல்லி, ஒரே ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, தினமும் நூறு படம் எண்ணினாள். இங்கிலீஷ் ஒன்றும் பெரிதாகத் தேவையில்லை. ஒரு கட்டத்தின் மேல் பெரிய பறவை வரைந்திருக்கும், இன்னொன்றின் மேல் சின்னப் பறவை.

அந்தத் தீவை நானும் பார்த்திருக்கிறேன், பார்க்காமல் இருக்க விட்டால்தானே. சாம்பல் நிறக் கல்சரிவு. ஒரு மரம் இல்லை, செடி இல்லை. சரிவுக்குக் கீழே கடல், ஆனால் கடல் என்று நம்ப முடியாது. உறைந்துபோய் வெள்ளைவெளேரென்று கிடக்கும், நம் ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கிற மாதிரி பாளம் பாளமாக. படத்தின் மேல் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் தண்ணீர். அந்தக் கோடு கிட்டே வந்தால் பறவைகளுக்கு நல்ல காலம், இறங்கினால் மீன். கோடு தெரியாவிட்டால் அந்தப் பனிப் பாளத்தின் மேல் நாள் கணக்கில் நடந்து போய் வயிற்றை நிரப்பிக்கொண்டு, நாள் கணக்கில் நடந்து திரும்பி வந்து குஞ்சுக்குக் கக்க வேண்டும்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே பிடித்துவிட்டாள். தேதி, மணி, டிகிரி எல்லாம் படத்தின் அடியிலேயே போட்டிருக்கும். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும். மின்விசிறி அனல் காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். இவள் தரையில் உட்கார்ந்து “அய்ய, பதினோரு டிகிரி மைனஸ்ல கீதுங்க. கோடு வேற தெரில” என்று முந்தானையைப் போர்த்திக்கொள்வாள். எனக்கு இதைப் பார்த்துச் சிரிப்பதா, டாக்டரிடம் கூட்டிப் போவதா என்று தெரியாது.

பேர் வைக்கத் தொடங்கியதுதான் எங்களுக்கு ஏழரை. அந்தப் பறவைகளுக்குக் கூடு என்றால் சின்னச் சின்னக் கல்லை வட்டமாக அடுக்குவது. நல்ல கல் கிடைப்பது கஷ்டம் போலிருக்கிறது, அதனால் பக்கத்துக் கூட்டில் கைவரிசை. அதிலே பலே கில்லாடி ஒன்றுக்கு உண்ணாமலை ‘கோபிநாத்’ என்று பேர் வைத்தாள். எங்கள் பக்கத்து வீட்டு கோபிநாத் போன தீபாவளிக்கு எங்கள் ஏணியை எடுத்துப் போனவன், இன்னும் திருப்பவில்லை. இது எப்படியோ அவன் காதுக்குப் போய், ஒருநாள் வந்து வாசலில் நின்றான்.

“இன்னா அண்ணி, என் பேர்ல ஏதோ பட்சி கல்லு திருடுதாமே?”

நான் நைசாகத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டேன். உண்ணாமலை அசரவில்லை. ஃபோனை அவன் கையிலேயே கொடுத்தாள்.

“நீயே பாருப்பா. ஒன்பது மணி படத்துல பக்கத்தாள் கூட்டாண்ட நிக்குது. பத்து மணி படத்துல வாயில கல்லோட வந்துகினு இருக்குது.”

கோபிநாத் ரொம்ப நேரம் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். “கூடு நல்லா பெருசாத்தான் கட்டிகீறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை வந்து தன் குடும்பம் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போகிறான். ஏணி மட்டும் வரவில்லை.

இந்த வருஷம் ஆராய்ச்சிக்காரர்கள் புதிதாக ஒன்று செய்தார்கள். கேமராவுக்கு முன்னால் இருக்கும் அஞ்சு கூட்டுக்கு நம்பர் கொடுத்து, ஒவ்வொரு கூட்டுக்கும் தனியாக எண்ணிக்கை கேட்டார்கள். குஞ்சு பொரித்த பிறகு அதற்கென்று ஒரு கட்டம் திறக்கும். அஞ்சாவது கூடு ஓரத்தில், பனியின் உயரம் பார்க்க நட்ட மஞ்சள் கம்பத்துக்குப் பக்கத்தில். அதில் இருந்த ஜோடிக்கு மட்டும் அவள் பேர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அதுங்களுக்கு எதுக்கு பேரு” என்றாள். ஆனால் ரெண்டு முட்டையில் ஒன்று பொரித்துச் சாம்பல் நிறத்தில் ஒரு குஞ்சு தலையை நீட்டியபோது, அதற்கு உடனே வைத்தாள். செல்லம்மாள்.

அவள் வைத்த பேர் எதையும் நான் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. இந்தப் பேருக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செல்லம்மாள் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கறுப்புக் கோடு காணாமல் போய்விட்டது. போன வருஷங்களில் அந்தத் தேதிக்குக் கரைவரை தண்ணீர் வந்துவிடும். இந்தத் தடவை பனிக்கடல் உடையவே இல்லை. ஜோடியில் ஒன்று தீனி தேடி நடந்து போனது, போனது போனதுதான். மற்ற நாலு கூட்டிலும் பெரியவை முன்பே போய்த் திரும்பியிருந்தன. இந்த ஒன்றுக்குத்தான் நேரம் சரியில்லை. நாலாம் நாள் உண்ணாமலை என்னைப் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயிலுக்குக் கூப்பிட்டாள்.

அந்தக் கோயில் எதற்குப் பேர்போனது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் போகிற இடம். கல்யாணமான புதிதில் நாங்கள் போகாத திங்கட்கிழமை இல்லை. அப்புறம் பதினெட்டு வருஷமாக அந்தப் படியை மிதித்ததில்லை. இப்போது ஒரு பென்குயினுக்காக மிதித்தோம்.

“பேரு, நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

“செல்லம்மாள், ரோகிணி” என்றாள் கொஞ்சமும் தயங்காமல். படத்தில் இருந்த தேதியை வைத்துப் பழைய காலண்டரில் பார்த்து வைத்திருக்கிறாள்.

“பேத்திங்களா?”

“தெரிஞ்ச பொண்ணு.”

திரும்பி வரும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கேமராவை வருஷத்துக்கு ஒரு தடவைதான் கப்பலில் போய் எடுத்து வருவார்கள். நாங்கள் பார்க்கிற படமெல்லாம் போன வருஷத்துப் படம்.

“இன்னாமே, அந்தப் பனி போன வருஷமே உருகிப் போச்சே. சாமி இப்ப போயி இன்னா பண்ணும்?”

“எனக்கு நாளைக்குத்தானே படம் வருது. நான் பாக்கற வரைக்கும் ஒண்ணும் முடியல” என்றாள். 

அடுத்த ரெண்டு மூணு நாளில் ஒருநாள், “செல்லம்மா எப்படி கீது?” என்று கேட்டேன். “கீது” என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்றைக்குக் குழம்பு தீயவில்லை. மறுநாளும் தீயவில்லை. ஒரு வாரம் நல்ல குழம்பு சாப்பிட்டேன், புத்திகெட்டவன், அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மெயில் வந்தது அதற்கு ஒரு மாசம் கழித்து. காவ்யாதான் அவளுடைய கணக்கையும் பார்ப்பவள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, இங்கிலீஷில் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒரே படத்தைப் பத்துப் பதினைந்து பேரிடம் கொடுத்து எண்ணவைத்து ஒத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். உண்ணாமலையின் எண்ணிக்கை மாதிரி சுத்தமான எண்ணிக்கை நாலைந்து பேரிடம்தான் இருக்கிறதாம். இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஆனா பெரிப்பா, இன்னொண்ணு எழுதிகீறாங்க. எல்லாரும் பத்துன்னு போட்ட படத்துக்கு பெரிம்மா பதினொண்ணு போட்டுகீது. இருபதுன்னா இருபத்தொண்ணு. முப்பதுன்னா முப்பத்தொண்ணு. நாலு வருஷமா. உங்க ஃபோன்ல எதுனா கோளாறான்னு கேக்கறாங்க.”

நான் உண்ணாமலையைப் பார்த்தேன். அவள் எங்கள் ரெண்டு பேரையும், நாங்கள்தான் கோளாறு என்பது போலப் பார்த்தாள்.

“பத்துன்னு மொட்டையா எப்படிப் போடறது? மொய் வெச்சாக்கூட நூத்தியொண்ணுதானே வெக்கிறோம். பச்சைப் புள்ளைங்க கூட்டமா நிக்குது, பூஜ்யத்துல முடிச்சா நல்லாவா இருக்கும்?”

நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பத்துப் பத்தாக ஒரு பென்குயின் அதிகமாகிற மர்மத்தை நாலு வருஷமாக யோசித்திருக்கிறார்கள். அது எங்கள் வீட்டு மொய்ப் பழக்கம். காவ்யாவும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

“இன்னும் கீது பெரிப்பா. அஞ்சாம் நம்பர் கூட்டுல குஞ்சு இல்லாத முப்பத்தேழு படத்துல பெரிம்மா ஒண்ணுன்னு போட்டுகீது. சைபர் ஒரு எடத்துலகூட போடல. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் திருத்தணுமாம். இல்லன்னா எது சரி எது தப்புன்னு அவங்களுக்குத் தெரியாது, நாலு வருஷத்து எண்ணிக்கையும் ஒதுக்கிடுவாங்களாம்.”

எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நடந்தது இதுதான். ஒரு நாள் பதினோரு மணிப் படத்தில் காலடியில் குஞ்சு இருக்கிறது. பன்னிரண்டு மணிப் படத்தில் பனிப்புயல், ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணிப் படத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பறவை பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு மணிப் படத்தில் கல்லும், அதன்மேல் நிற்கிற தாயும் மட்டும். பசியா, குளிரா, அந்தப் பறவையா, யாருக்குத் தெரியும். அஞ்சு மணிக்குத் தீனி தேடிப் போனது பனிமேல் நடந்து வந்து சேர்ந்திருக்கிறது, வயிறு நிறைய மீனோடு. உண்ணாமலை இதையெல்லாம் பார்த்துவிட்டு, ரெண்டு மணிப் படத்திலிருந்தே குஞ்சு ஒன்று என்று போட்டிருக்கிறாள். அடுத்த படத்துக்கும் ஒன்று. முப்பத்தேழு படத்துக்கும் ஒன்று. அதோடு ஒரு வாரம் ஃபோனைத் தொடவில்லை.

பத்து, இருபது எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே புதன்கிழமைக்குள் திருத்திவிட்டாள். அஞ்சாம் நம்பரை மட்டும் தொடவில்லை. காவ்யா ஃபோனில் கெஞ்சினாள். “ஒண்ணுன்னு இருந்தா அது பொழைச்சிருச்சுன்னு ஆயிடும் பெரிம்மா. பனி ஒடையாத வருஷத்துல இன்னா ஆச்சுன்னு தெரியணும்னுதான் அவங்க கேமராவே வெச்சுகீறாங்க. நீ சைபர் போட்டாத்தான் செல்லம்மா போனதே உலகத்துக்குத் தெரியும்.” உண்ணாமலை “உம்” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

“தறியக்கூட யாரும் காலியா வுடறதில்லீங்க. நாலு விரக்கடை இழையாச்சும் வெச்சுத்தானே எடுக்கறோம். அதுல போயி சைபர் போடச் சொல்றாங்களே.”

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. செல்லம்மாள் என்பது அவள் அம்மா பேர். எங்களுக்கு ஒரு பெண் பிறந்தால் வைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்த பேர். பெண்தான். ஏழாம் மாசத்திலேயே பிறந்து, ஒரு பகல் இருந்தது. அப்புறம் எதுவும் தங்கவில்லை. ரேஷன் கார்டுக்கும் கணக்கெடுப்புக்கும் ஆள் வந்து, குழந்தைகள் எத்தனை என்று கேட்கும்போதெல்லாம் உண்ணாமலை அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விடுவாள். நான் வாசலில் நின்று இல்லைங்க என்பேன். அவர் ஒரு சைபர் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். இருபத்தேழு வருஷத்தில் அவள் வாயால் அந்தப் பதிலைச் சொல்ல நான் விட்டதில்லை. அது ஒன்றுதான் நான் அவளுக்குச் செய்த உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நெய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்து போய்விடுவாளோ என்று பயம். ஃபோனை எடுத்தாள். ரெண்டு மணிப் படம். குஞ்சு என்ற கட்டத்தில் இருந்த ஒன்றை அழித்துவிட்டு, சைபரை அழுத்தினாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூணு, நாலு, அஞ்சு மணிப் படங்கள். அவற்றிலும் சைபர் போட்டாள். வரிசையாகச் சைபர் விழுந்ததும் ஃபோனில் புதிதாக ஒரு கேள்வி வந்து நின்றது. காவ்யா அதைப் பற்றி முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவளுக்கு அர்த்தம் புரிந்தது.

“கூடு காலியான்னு கேக்குதுங்க. ஆமா, இல்ல, ரெண்டுதான் கீது. இன்னா போடறது?”

நான் தறியை நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஃபோனை வாங்கிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கல்லாக அடுக்கிய வட்டம். மேலெல்லாம் பனி. வட்டத்துக்குள் ரெண்டு பறவைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. தீனியோடு வந்ததன் வயிறு இன்னும் உப்பித்தான் இருந்தது. விரலால் தள்ளி அடுத்தடுத்த படங்களைப் பார்த்தேன். மறுநாளும் ரெண்டும் இருந்தன. அதற்கு மறுநாள் ஒன்று புதிதாக ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தது.



“இல்லன்னு போடு” என்றேன். “அதான் ரெண்டு பேரு நிக்கிறாங்களே. அப்புறம் எப்படி காலி?”

உண்ணாமலை ஃபோனை வாங்கி இல்லை என்பதை அழுத்தினாள். குஞ்சு சைபர், பெரியவை ரெண்டு, காலி இல்லை. ஒவ்வொரு படமாக, இழை முறுக்குகிற அதே நிதானத்தில், முப்பத்தேழும் முடியும்வரை போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கூடவே எண்ணினேன். கடைசிப் படத்துக்கு வரும்போது அடுக்களையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. நான் எழுந்து போய்க் குழம்பை இறக்கி வைத்தேன்.